கை நடுங்கியது நச்சு வெளியேறியதால் அல்ல

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கமிருந்து ஓர் ஆசிரியை ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன். வயது 44. உயரம் 155 செ.மீ. கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். மாமியாரும் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் உடன் இருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். தைராய்டு சுரப்புக் குறைவும் ரத்த அழுத்தமும் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டன. காலையில் கிளிமிபிரைடு 2 மி.கி., இரு வேளையும் மெட்ஃபார்மின் 500 மி.கி., அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், தைராய்டுக்குத் தனியாக ஒன்று. மூன்று மாதங்களுக்கு முன் எடை 79 கிலோ, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.1. "மாத்திரை டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது" என்று எழுதுகிறார்.

கைபேசியில் பார்த்த ஒரு காணொளி வழியாக 'முழு உணவு' குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறார். 90 நாள் திட்டம். கட்டணம் 6,500 ரூபாய். கூடவே, பெயர் மட்டும் ஒட்டிய ஒரு பொடி டப்பா. அரிசி, கோதுமை, பால், தயிர், எண்ணெய் எதுவும் கூடாது. காலையில் பச்சைக் கீரையும் சுரைக்காயும் சேர்த்து அரைத்த சாறு. பதினொரு மணிக்குப் பழம். மதியம் நறுக்கிய பச்சைக் காய்கறியோடு அரை மூடித் தேங்காய்த் துருவல். மாலையில் இரண்டு கைப்பிடி வேர்க்கடலை, பத்துப் பேரீச்சம்பழம், இரண்டு எள்ளுருண்டை. இரவு மறுபடியும் பழம். பசித்தால் தேனும் நாட்டுச் சர்க்கரையும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், இயற்கையானதற்கு அளவு கிடையாது என்று குழுவில் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் மூன்று வாரத்தில் நாலரைக் கிலோ இறங்கியது. அடுத்த மூன்று வாரம் எடை அசையவில்லை. இதற்கிடையே ஒரு நாள், பழம் சாப்பிட நேரமில்லாமல் பதினொரு மணி வகுப்புக்குப் போயிருக்கிறார். கரும்பலகையில் எழுதிய எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. சுண்ணக்கட்டி கையிலிருந்து நழுவி உடைந்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. பக்கத்து வகுப்பு ஆசிரியை ஓடிவந்து வாயில் மிட்டாய் போட, பத்து நிமிடத்தில் தெளிந்திருக்கிறது. குழுவில் கேட்டதற்கு, "உடலிலிருந்து நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்று பதில் வந்தது. போன வாரம் அவராகவே மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார். "பெரிய மாத்திரையை விட்டுவிட்டேன், சின்னதை மட்டும் போடுகிறேன்" என்கிறார். மிச்ச மாத்திரைகளை எப்போது நிறுத்தலாம், எடை ஏன் நின்றுவிட்டது, முடி ஏன் கொத்தாகக் கொட்டுகிறது, மகளும் இதே உணவுக்கு மாற ஆசைப்படுகிறாளே விடலாமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு இப்படி முடிக்கிறார்: "சோறு வடிக்காத அடுப்பு என்ன அடுப்பு என்று மாமியார் கேட்கிறார். நான் செய்வது தப்பா டாக்டர்?"

சகோதரி,

கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் எண்ணத்தில் தப்பே இல்லை. பிஸ்கட்டையும் பொட்டலத் தீனியையும் பாட்டில் பானத்தையும் ஒதுக்கிவிட்டு, காயும் பழமும் பயறுமாகச் சாப்பிட வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்தால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை. பல பேரிடம் ஆண்டுக்கணக்கில் சொல்லியும் நடக்காததை நீங்கள் ஆறு வாரம் செய்து காட்டியிருக்கிறீர்கள். என் வருத்தமெல்லாம் வேறு. உணவுக்கு மருந்தளவு வலிமை உண்டு. அதை ஒரே நாளில் தலைகீழாக மாற்றினால், ஏற்கனவே உள்ளே போய்க்கொண்டிருக்கும் மருந்துகளின் அளவையும் அன்றைக்கே பார்த்தாக வேண்டும். உங்கள் குழுவில் யாரும் நீங்கள் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பதினொரு மணி நடுக்கம்

வியர்வை, கை நடுக்கம், பார்வை இரட்டித்தல், இனிப்பு வாயில் போட்டதும் தெளிவு. சர்க்கரைக்கு மாத்திரை போடும் ஒருவருக்கு இவை சேர்ந்து வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அதைத் தாழ்சர்க்கரை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 'லோ சுகர்' என்று மருத்துவமனையில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நச்சு வெளியேறும்போது கை நடுங்கும் என்று மருத்துவத்தில் எங்கும் இல்லை. கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

இப்போது அந்த 'சின்ன மாத்திரை'க்கு வருகிறேன். அளவில் சின்னதாக இருப்பதால் அது சாது என்று நினைத்துவிட்டீர்கள். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. காலை இட்லி போய், வெறும் கீரைச் சாறு வந்துவிட்டது. மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? நீங்கள் நிறுத்திய மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம். அதாவது, குறைக்க வேண்டியதை வைத்துக்கொண்டு, வைத்துக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை. யாரும் சொல்லித்தரவில்லை.

இதைப் படித்த மறுநாளே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். "சாப்பாட்டை இப்படி மாற்றியிருக்கிறேன், ஒரு நாள் இப்படி ஆனது, மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டேன்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயப்பட வேண்டாம். திட்டினாலும் பரவாயில்லை. கிளிமிபிரைடைக் குறைப்பதா, அறவே விடுவதா என்பதை அவர் உங்கள் ரத்த அளவுகளைப் பார்த்து முடிவு செய்வார். அதுவரை கைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். மறுபடி அப்படி வந்தால் வகுப்பை நிறுத்தி உட்காருங்கள். கருவி இருந்தால் விரல் நுனியில் சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தாலோ, கருவியே இல்லாவிட்டாலோ, மூன்று தேக்கரண்டி குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்தும் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் கடலையோ சாக்லேட்டோ உதவாது, கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். இரு சக்கர வண்டியில் பள்ளிக்குப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள். அம்மாப்பேட்டை மெயின் ரோட்டின் நெரிசலில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

தைராய்டு மாத்திரையைக் கீரைச் சாற்றோடு விழுங்குவதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போக வேண்டும். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை சாறு, காபி எதுவும் வேண்டாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. எடை நின்றுபோனதற்கும் முடி கொட்டுவதற்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நேரத்தைச் சரிசெய்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, தைராய்டு சரியாக இருக்கிறதா என்று காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தச் சோதனை பாருங்கள்.

டெல்மிசார்டன் பொட்டாசியத்தை உடலில் தேக்கும் குணமுள்ளது. தினமும் கீரைச் சாறு, இளநீர், பழம் என்று போகும்போது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும், பொட்டாசியமும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதை உங்களைப் போன்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது, அதில் இருப்பது பொட்டாசியம் உப்பு.

மாத்திரை இல்லாமல் வாழ முடியுமா?

சிலரால் முடியும். 2017-இல் பிரிட்டனில் டைரக்ட் என்ற ஆய்வு முடிவு வெளியானது. நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்களை எடுத்துக்கொண்டு, கடுமையாக எடை குறைக்க வைத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினர் மாத்திரையே இல்லாமல் சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே வந்திருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 விழுக்காடு. உங்களுக்கு நோய் வந்து ஐந்து ஆண்டுதான் ஆகிறது. நம்பிக்கைக்கு இடம் நிறைய உண்டு.

ஆனால் அங்கே மாத்திரைகளை நிறுத்தியது மருத்துவக் குழு. முதல் நாளிலேயே திட்டப்படி நிறுத்தி, அளவுகளைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் முதல் சில மாதம் குடித்தது கலோரி அளந்து கலக்கிய பானங்களைத்தான். அது முழு உணவே இல்லை. பலன் கொடுத்தது எடை இறங்கியதுதான். ஆகவே குறிப்பிட்ட ஓர் உணவுக்கு மந்திர சக்தி இருப்பதாக யாராவது விற்றால் நம்பாதீர்கள். அந்த ஆய்விலும் இரண்டாம் ஆண்டு முடிவில் 46 என்பது 36 ஆனது. எடையைத் தக்கவைப்பது அவ்வளவு கடினம். பத்து வருடம் கழித்தும் உங்கள் வீட்டு அடுப்பில் கொதிக்கக்கூடிய சமையலாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

மாத்திரை டப்பாவைப் பார்த்தால் உங்கள்மேலேயே வெறுப்பு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பாடம் எடுப்பவர் தன் கண்ணை வெறுப்பதில்லையே. அந்த டப்பா இத்தனை நாள் உங்கள் கண்ணையும் சிறுநீரகத்தையும் காத்துக்கொண்டிருக்கிறது. கண் என்றதும் நினைவுக்கு வருகிறது: விழித்திரைப் பரிசோதனை செய்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் இப்போதே செய்துகொள்ளுங்கள். சர்க்கரை வேகமாக இறங்கும்போது, ஏற்கனவே விழித்திரையில் பாதிப்பு இருந்தால் அது சில காலம் கூடுவதுண்டு.

எடை ஏன் நின்றது

முதல் மூன்று வாரம் இறங்கிய நாலரைக் கிலோவில் கணிசமான பகுதி தண்ணீர். உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை ஒரேயடியாக விட்டதும் அந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் போய்விட்டது. அதற்குப் பிறகு எடை இறங்க வேண்டுமென்றால் கொழுப்புதான் கரைய வேண்டும். அங்கே தடையாக நிற்பது உங்கள் மாலைத் தட்டு.

நீங்கள் எழுதிய அளவுகளைக் காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். இரண்டு கைப்பிடி கடலை 60 கிராம் என்று வைத்தால் 330 கலோரி. அரை மூடித் தேங்காய் 400-ஐ நெருங்கும். பத்துப் பேரீச்சை 200-க்குக் குறையாது. இரண்டு எள்ளுருண்டை இன்னொரு 200. இந்த நான்கும் மட்டும் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. பழமும் தேனும் நாட்டுச் சர்க்கரையும் இன்னும் கணக்கில் வரவில்லை. எண்ணெயை ஒரு சொட்டும் விடாமல் ஒதுக்கினேன் என்கிறீர்கள். வேர்க்கடலையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய்தான் இருக்கிறது. கடலை கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஒரு கைப்பிடி மிக நல்ல உணவு, அதோடு நிறுத்த வேண்டும். நாட்டுச் சர்க்கரைக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் கலோரியில் ஏறத்தாழ வித்தியாசமே கிடையாது. உங்கள் ரத்தத்தைப் பொறுத்தவரை தேனும் சர்க்கரைதான்.

புரதம் எதிர்ப்பக்கம் போய்விட்டது. இந்தியர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. எடை குறைப்பவருக்கு அது குறையவே கூடாது. உங்கள் தற்போதைய எடைக்கு 60 கிராமுக்கு மேல் வருகிறது. உங்கள் பட்டியலில் 40 கிராம் தேறுவதே கஷ்டம். பருப்பு இல்லை, தயிர் இல்லை, முட்டையை விட்டுவிட்டீர்கள். முடி கொட்டுவதற்கு இது இன்னொரு பெரிய காரணமாக இருக்கலாம். திடீர் எடை இழப்பும் புரதக் குறைவும் சேர்ந்தால் முடி உதிரும். ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். சத்து சரியானால் சில மாதங்களில் முடி திரும்பி வளரும்.

முழு உணவு என்றால் பச்சை உணவு என்று யார் சொன்னார்கள்?

பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்டெய்ரோ என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2009-இல் உணவுகளை, அவை எவ்வளவு பதப்படுத்தப்பட்டிருக்கின்றன என்பதை வைத்து வகை பிரித்தார்கள். அந்தக் கணக்கில் அரிசியும் பருப்பும் பாலும் தயிரும் முதல் வகை. எண்ணெய், உப்பு, சர்க்கரை எல்லாம் சமையலுக்குத் துணைப்பொருள்கள். குறைக்கச் சொன்னது தொழிற்சாலையில் சுவையூட்டியும் நிறமும் சேர்த்து உருவாகும் கடைசி வகையை. வீட்டு அடுப்பில் வேக வைப்பதை அவர் எங்கும் குறை சொல்லவில்லை.

2019-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் உள்ளேயே தங்கவைத்துச் சோதித்தார்கள். இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். எவ்வளவு சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். பொட்டல உணவு தின்ற நாள்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற உணவில் அதே 0.9 கிலோ இறங்கினார்கள். அந்தப் பதப்படுத்தாத உணவும் சமைத்த உணவுதான். ஆகவே நீங்கள் பிடித்திருக்கும் திசை சரி. அடுப்பை அணைக்கத் தேவையில்லை.

பச்சையாகச் சாப்பிடுவதில் சில ஆபத்துகளும் உண்டு. சுரைக்காய்ச் சாறு கசந்தால் ஒரு மிடறுகூட விழுங்காதீர்கள். கசப்புச் சுரைக்காயில் இருக்கும் நச்சால் ரத்த வாந்தி எடுத்து, அழுத்தம் இறங்கி, உயிரிழந்தவர்களும் உண்டு. ஐ.சி.எம்.ஆர். நிபுணர் குழு அமைத்து எச்சரித்த விஷயம் இது. 'உடம்புக்கு நல்லது, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி' என்று சொல்லும் பழக்கம் இங்கே உயிருக்கு ஆபத்து. கீரையை வடிகட்டிய பச்சைச் சாறாகத் தினமும் குடித்தால் அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு சேர்ந்து சிறுநீரகத்துக்குக் கேடு. கீரையைக் கடைந்து சாப்பிடுங்கள். மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகத் தொடவே கூடாது. அதில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. தோலுரித்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

மரவள்ளி என்றதும் ஜவ்வரிசி பற்றி நீங்கள் கேட்டது நினைவுக்கு வருகிறது. 'நம்ம ஊர்ப் பொருள், கிழங்கிலிருந்து வருவது, கஞ்சியாகக் குடிக்கலாமா' என்று கேட்டிருந்தீர்கள். ஆத்தூர் சாலையில் போகும்போது வெள்ளை வெளேரென்று களத்தில் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டி, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவைக் குருணையாக்கி, வறுத்துக் காயவைத்தது அது. நாரும் புரதமும் வழியிலேயே போய்விட்டன. நம் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் அது, எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் உங்கள் சர்க்கரைக்கு அது வெறும் மாவுச்சத்து. பண்டிகைப் பாயசத்தில் இரண்டு கரண்டியோடு நிற்கட்டும்.

சோறு இருக்கட்டும், தட்டின் ஓரத்தில்

சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பாட்டி எப்போதாவது என்னிடம் வருவார். எழுபதைத் தாண்டியவர். முழங்கால் வலி தவிர வேறு நோயில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். கையை மூடிக் காட்டி, "இத்தனூண்டு களி" என்றார். பிறகு இரண்டு கையையும் குவித்து, "இவ்வளவு கீரை, அவரைக்காய், கொள்ளு கடைஞ்சது" என்றார். அவருடைய பேரனுக்கு முப்பத்தைந்து வயதில் சர்க்கரை. அவனும் அதே ராகிக் களிதான் சாப்பிடுகிறான். களி இரண்டு கை அளவு, கீரை ஒரு கரண்டி. பாட்டியின் கை காட்டிய அளவை நான் அதன்பின் எத்தனையோ பேருக்குக் காட்டிவிட்டேன்.

உங்கள் தட்டும் அப்படி இருக்கட்டும். பாதித் தட்டு வெந்த காய், கீரை, கொஞ்சம் பச்சைக் காய். கால் தட்டு பருப்போ பயறோ முட்டையோ மீனோ. மிச்சக் கால் தட்டில் சோறு. ஐம்பது கிராம் அரிசி வடித்தால் ஏறக்குறைய 150 கிராம் சோறு வரும், ஒரு வேளைக்கு அது போதும். சாமை, தினை வாங்கிச் சாப்பிட விருப்பமென்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள். தீட்டாத சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம். ஆனால் கலோரியில் அரிசிக்கும் சாமைக்கும் பெரிய வித்தியாசமில்லை. 'சிறுதானியம்தானே' என்று இரண்டாவது முறை போட்டுக்கொண்டால் பலன் போய்விடும். ராகியைக் கூழாகக் கரைத்துக் குடிப்பதைவிடக் களியாக, குழம்போடும் கீரையோடும் சாப்பிடுவது மேல்.

காலையில் இரண்டு இட்லியும் காய் நிறையப் போட்ட சாம்பாரும், கூட ஒரு முட்டை. இல்லையென்றால் பச்சைப்பயறு அடை. பதினொரு மணிக்கு ஒரு கொய்யா. மாம்பருவம் வந்தால் சேலத்துக்காரரிடம் மாம்பழம் சாப்பிடாதே என்று நான் சொல்லமாட்டேன். மல்கோவாவில் ஒரு கீற்று, சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. மதியமும் இரவும் மேலே சொன்ன தட்டு. தயிர் சேருங்கள், அதை விலக்க உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. மாலையில் கடலைக்கும் பேரீச்சைக்கும் பதில் ஒரு கிண்ணம் சுண்டல். தட்டுவடை செட் சாப்பிட்டே மூன்று மாதமாகிறது என்று ஏக்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். மாதத்துக்கு இரண்டு முறை கணவரோடு போய் நின்று, ஒரே ஒரு செட் சாப்பிட்டு வாருங்கள். குற்றவுணர்வு வேண்டாம்.

உழவர் சந்தைக்குக் காலையில் போய் வாங்கினால் செலவும் கட்டுக்குள் நிற்கும். உங்கள் மாமியாரை உடன் அழைத்துப் போங்கள். கொள்ளு கடைசல், பண்ணைக்கீரை, கம்மஞ்சோறு என்று அவர் இளமையில் செய்த சமையலே நீங்கள் தேடிய முழு உணவு. அவர் கேட்ட அடுப்பும் எரியும்.

இலக்கையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் உயரத்துக்கு 79 கிலோ என்பது, உயரத்தோடு எடையை ஒப்பிடும் பிஎம்ஐ கணக்கில் கிட்டத்தட்ட 33. நம்மவர்களுக்கு 23-க்கு மேலே போனாலே அதிக எடை. உடனே 55 கிலோவுக்கு ஆசைப்பட வேண்டாம். முதலில் 71. பத்து விழுக்காடு குறைந்தாலே சர்க்கரையும் அழுத்தமும் கல்லீரல் கொழுப்பும் நல்ல மாதிரி இறங்கும். வாரத்துக்கு அரைக் கிலோ போதும். மிக வேகமாகக் குறைத்தால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. மாலையில் அரை மணி நேரம் வேகநடை. அண்ணா பூங்காவோ காந்தி விளையாட்டரங்கமோ, எது வழியில் இருக்கிறதோ அது.

மகளுக்கு இந்த உணவு வேண்டாம்

இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். வேண்டாம். பதினைந்து வயதில் எலும்பு வளர்கிறது, மாதவிலக்கில் இரும்புச்சத்து போகிறது, தேர்வு வேறு இருக்கிறது. அவளுக்குப் பாலும் பருப்பும் முட்டையும் சோறும் எல்லாம் வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் மேலே சொன்ன சமையலே இருக்கட்டும், அவள் பசிக்கு அவள் சாப்பிடட்டும். அவள் முன்னால் எடை பார்ப்பதையும், 'நான் குண்டு' என்று சொல்வதையும் நிறுத்துங்கள். அவள் அதைத் தன் உடம்புக்கும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறாள். சாப்பாட்டை ஒளித்தாலோ, மாதவிலக்கு தள்ளிப்போனாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அந்தப் பொடியும் 6,500 ரூபாயும்

நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். விற்பனைக்கு வரும் உணவுப் பொட்டலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்க வேண்டும். உங்கள் டப்பாவில் இரண்டும் இல்லை. அதை இன்றே நிறுத்துங்கள், தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவையும் உடற்பருமனையும் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரப்படுத்துவதற்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை விதித்திருக்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். பணம் கட்டிய சான்று, "நச்சு வெளியேறுகிறது" என்ற அந்தப் பதில், எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். தரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை. போவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். குழுவில் இன்னும் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் இருப்பார்கள் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் மூன்று நாள் சாப்பாட்டை அளவோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, டிஎஸ்ஹெச், கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் ஆகிய சோதனைகளைக் கேளுங்கள். வெளியே செலவு அதிகமென்றால் அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவுக்குப் போகலாம். மூன்று மாதம் கழித்து அந்தத் தாளையும் புதிய அளவுகளையும் வைத்து எனக்கு மறுபடி எழுதுங்கள். அத்தோடு உங்கள் மாமியாரின் கொள்ளு கடைசல் பக்குவத்தையும் கேட்டு அனுப்புங்கள், என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லித்தர உதவும்.